பஞ்சு கேசட்டின் சரியான வேகம்

உக்காருங்க அம்மிணி. அந்த ஸ்டூல் வேண்டாம், அதுல வார்னிஷ் இன்னும் காயல. இந்தப் பக்கம் உக்காருங்க. மோட்டாருக்குக் காயில் கட்டற எடம், இப்படித்தான் இருக்கும். நாத்தம் கொஞ்ச நேரத்துல பழகிரும்.

'நாலாம் ஷிப்ட்' பேண்டுல இருந்து பாக்க வர்றாங்கன்னு எங்க வீட்டுல சொன்னப்ப, முகுந்தனே வர்றான்னு நெனச்சுட்டனுங்க. பாடறவன் அவந்தான. இருபது வருசமா அவன் பாட்டக் கேட்டவன் பட்டறைக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போனா ஒண்ணும் கொறஞ்சு போயிர மாட்டான். சரி, உங்கள அனுப்பிருக்கான். அவனுக்கு இப்ப பெரிய எடத்து வேலையெல்லாம் இருக்கும். சினிமாவுல ரெண்டு பாட்டுப் பாடிட்டானாமே, கேட்டனுங்க. அதப் பத்திப் பேச வேண்டாம், காலங்காத்தால எதுக்கு.

போன்ல சொன்னீங்க, மறுக்கா ஒருதரம் சொல்லுங்க. மொத ஆல்பம், 'பஞ்சு', இருபது வருசம் ஆனதுக்குத் திரும்பப் போடறீங்க. சரி. பெட்டி மாதிரி ஒரு அட்டை, உள்ள ஒரு சின்ன புஸ்தகம். சரி. அதுல எங்கிட்ட இருக்கற கேசட்டுக் காப்பியவும் ரெண்டாவது இசைத்தட்டாப் போடணும், அதுக்குக் கேசட்டு வேணும். அப்புறம் கேசட்டுக்காரன்ங்கற முறையில நான் ரெண்டு வரி எழுதிக் குடுக்கணும். அவ்வளவுதான? காட்டுங்க அந்தப் பேப்பர.

"கோவை காப்பி, வேகக் கோளாறுடன்."

கோளாறா?

யாருங்க எழுதுனது இது? இந்த வார்த்தை இதுல இருக்கற வரைக்கும் கேசட்டு கெடைக்காதுங்க. கோவிச்சுக்கிட்டுச் சொல்லல, நல்லபடியாத்தான் சொல்றேன். கோளாறு எங்க கேசட்டுல இல்ல, உங்க பேண்டுக்காரங்க காதுல இருக்குது. போன்ல ரெக்கார்டு ஆகுதா? ஆகட்டும். இதெல்லாம் நல்லா ஆகட்டும்.

நீங்க எந்த ஆல்பத்துல இருந்து கேக்கறீங்க அம்மிணி? இருங்க, நானே சொல்றேன். நாலாவது. 'பால்கனிச் செடி'. பாத்தீங்களா, சரியாச் சொல்லிட்டன்ல. எனக்கு ஆளப் பாத்தாத் தெரிஞ்சுரும்ங்க. உங்களுக்குத் தப்பா சொல்லல. நாலாவதுல வந்தவங்க ஒரு தினுசு. மழை பேஞ்சா ஸ்டேட்டஸ் வெப்பாங்க. வீட்டுல ஒரு தொட்டியில மணி பிளான்ட் இருக்கும். அந்த ஆல்பத்துல முகுந்தன் பாடறானா, தூங்கறவன எழுப்பாம பேசறானான்னே எனக்குத் தெரியல.

ரெண்டாவது ஆல்பத்துக்காரங்க இன்னொரு தினுசு. 'காத்திருப்போர் அறை'. எல்லாம் இஞ்சினியரிங் முடிச்சுட்டு பெங்களூருக்கு வேலைக்குப் போனவங்க. ரயில்ல சன்னல் ஓரத்துல உக்காந்துக்கிட்டு, விட்டுட்டுப் போன பொண்ண நெனச்சு அழுதவங்க. பொண்ணு விட்டுட்டுப் போனது சரிதான்னு நான் சொல்லுவேன். மூணாவது இருக்குது பாருங்க, 'மறு ஒலிபரப்பு', அதக் கேட்டவன் எவனும் கெடையாதுங்க. அதப் பத்திக் கட்டுரை எழுதுனவன்தான் ஊரு பூராவும். "அதுல ஒரு மௌனம் இருக்குது தோழர்"னு ஒருத்தன் எங்கிட்டயே சொன்னான். மௌனம் கேக்கறதுக்கு எதுக்குடா எரநூறு ரூவான்னு கேட்டேன்.

ஏன், எங்க வீட்டுலயே ஒரு நாலாவது இருக்குது. கோகிலவாணி. உங்களுக்குப் போன எடுத்துப் பேசுனது அவதான். கல்யாணம் ஆன புதுசுல 'பஞ்சு' போட்டுக் காமிச்சேன், "நல்லா இருக்குதுங்க"ன்னு சொன்னா. தேறிட்டான்னு நெனச்சேன். அப்புறம் அந்த நாலாவது வந்துச்சு. துணி காயப் போடறப்ப அது, வெங்காயம் நறுக்கறப்ப அது. ஒருநாள் அதக் கேட்டுக்கிட்டுக் கண்ணத் தொடச்சா. வெங்காயமான்னு கேட்டேன், ஆமாங்கன்னா. அன்னைக்கு சமையல் என்னமோ பருப்பும் ரசமும்தான். நான் யாரையும் ஒண்ணும் தடுக்கறதில்லீங்க. போன எடுத்துக்கிட்டு அக்கட்டால போன்னு மட்டுந்தான் சொல்லிருக்கேன். ஏழு வருசமா அக்கட்டாலதான் கேக்கறா. எங்களுக்குள்ள இதுவரைக்கும் ஒரு சண்டை கெடையாது.

சரி, 'பஞ்சு'. அதத்தான நீங்க கேக்க வந்தது.

ரெண்டாயிரத்தி மூணுங்க. இங்க மூடிக் கெடந்த ஒரு மில்லு, பேரு வேண்டாம், அதோட குடோன்லதான் இவங்க நாலு பேரும் பழகிட்டு இருந்தாங்க. நாலு பேரும் மில்லுத் தொழிலாளிங்க வீட்டுப் பசங்க. மில்லுல மூணு ஷிப்ட்டுத்தான் உண்டு, அதனால தங்களுக்கு நாலாம் ஷிப்ட்டுன்னு பேர் வெச்சுக்கிட்டாங்க. அப்பல்லாம் அவனுங்களுக்கு மூளை இருந்துச்சு. அதே குடோன்ல ஒரு கச்சேரி வெச்சு, எரநூறே எரநூறு கேசட்டு போட்டு வித்தாங்க. அதுல ஒண்ணு எங்க ஜெரால்டு வாங்குனான்.

ஜெரால்டுன்னா எங்கூட பாலிடெக்னிக் படிச்சவன். நான் எலெக்ட்ரிகல், அவன் மெக்கானிக்கல். இப்ப இன்சூரன்சு விக்கறான். மெக்கானிக்கல் படிச்சுட்டு இன்சூரன்சு விக்கறவன் எப்படிப்பட்ட ஆளுன்னு நீங்களே நெனச்சுப் பாத்துக்குங்க.

நான் அந்தக் கச்சேரிக்குப் போகலீங்க. அன்னைக்கு அப்பாவுக்கு ஒரு பத்து எச்பி மோட்டார் அவசரம். அதுனால என்ன? போனவன் எல்லாம் கேட்டவனா? மறுநாள் காலையில ஜெரால்டு கேசட்ட எடுத்துட்டு நேரா எங்க வீட்டு மாடிக்கு வந்துட்டான். அப்பாவோட டபுள் டெக்கு அங்கதான் இருந்துச்சு. ஒரு பக்கம் ஓடும், மறுபக்கம் பதியும். போட்டோம். மொதப் பாட்டு முடியறதுக்குள்ள நான் எந்திரிச்சு நின்னுட்டனுங்க. ஏன்னு கேக்காதீங்க. முகுந்தன் பாடறான், பஸ்ஸப் புடிக்க ஓடறவன் பேசற மாதிரி மூச்சு வாங்கிப் பாடறான். அந்த அவசரம்! எனக்கு அப்ப இருபத்திரெண்டு வயசு. அப்பா என்னய இந்தப் பட்டறையிலயே உக்கார வெச்சுட்டார். எங்கயாவது ஓடிப் போலாமான்னு இருந்துச்சு. இவன் எனக்குப் பதிலா ஓடறான்னு தோணுச்சு.

அன்னைக்கே எனக்கொரு காப்பி போட்டேன். அப்புறம் கேட்டவனுக்கெல்லாம் போட்டேன். நாப்பது காப்பிக்கு மேல போட்டிருப்பேன். இந்த ஊருல 'பஞ்சு' பரவுனது இந்தக் கையாலதாங்க. அந்த எரநூறு ஒரிஜினல் எங்க போச்சுன்னே தெரியாது. பாதி மழையில நனஞ்சுச்சு, பாதி மேல பக்திப் பாட்டு பதிஞ்சுட்டாங்க. எங்க காப்பிதான் நின்னுச்சு. உங்க முகுந்தனுக்கு அடுத்த கச்சேரியில ஐநூறு பேர் கூடப் பாடுனாங்கன்னா, யாரு போட்ட காப்பிய கேட்டுப் பாடுனாங்க? இத அந்தப் புஸ்தகத்துல போட்டிருக்கீங்களா? போட்டிருக்க மாட்டீங்க. கோளாறுன்னு மட்டும் போட்டுருக்கீங்க.

இன்னொண்ணு சொல்றேன், அதையும் கேட்டுக்குங்க. எனக்குக் காது பொய் சொல்லாது. ரோட்டுல நின்னுக்கிட்டே உள்ள ஓடற மோட்டாரு எத்தன சுத்து கொறையுது, எந்தப் பேரிங்கு போகுதுன்னு சொல்லிருவேன். சிங்காநல்லூர்ல இருந்து வர்றான் எங்கிட்ட. சந்தேகம்னா யார வேணாலும் கேட்டுப் பாருங்க.

வருசா வருசம் ஜூன் மாசம் ரெண்டாவது ஞாயித்துக்கிழமை, காலையில பத்து மணிக்கு, எங்க மாடியில 'பஞ்சு' கேக்கறது வழக்கம், என்னோட காப்பிய அது பதிஞ்ச பக்கத்துலயே போட்டு. மொத வருசம் பதினோரு பேர். செருப்பு வெளிய. போன் ஆஃப். தலை ஆட்டலாம், கூடச் சேந்து பாடக் கூடாது. ஒரு பல் டாக்டர் இருந்தார், நல்ல மனுசன், ரெண்டாம் பாட்டுல லேசா முணுமுணுத்தார். வெளிய போயி உக்காருங்க டாக்டர்னு சொல்லிட்டேன். அடுத்த வருசம் அவரு வரல. ஏ பக்கம் முடிஞ்சதும் நான் மட்டுந்தான் கேசட்டத் திருப்புவேன். அதுக்குள்ள கோகிலா மொளகா பஜ்ஜியும் டீயும் கொண்டாந்துருவா. அப்புறம் பி பக்கம். கடைசிப் பாட்டு 'சங்கு'. 'மில்லுச் சங்கு ஊதிருச்சு, நான் இன்னும் எந்திரிக்கல'ன்னு வரும். அது முடிஞ்சு ரெண்டு நிமிசம் யாரும் பேசக் கூடாது. அதெல்லாம் ஒரு ஒழுங்கா இருந்துச்சுங்க. அடுத்த ஆல்பத்தப் பத்தி எவனாவது வாயத் தொறந்தா அவனுக்கு அதோட சரி. அப்படி ஒருத்தன் ரெண்டு பேரா கழிஞ்சாங்க. போகட்டும். கூட்டம் சேக்கறதுக்கு அது என்ன கட்சியா?

நல்லாப் போயிட்டு இருந்துச்சு. ரெண்டாயிரத்திப் பதினாலு மார்ச்சுல, உங்க ஆளுங்க 'பஞ்சு'வ இன்டர்நெட்டுல போட்டாங்க பாருங்க. அன்னைக்குப் புடிச்சுதுங்க சனி.

போட்டுக் கேட்டேன். பத்து செகண்டு. நிறுத்திட்டேன். பாட்ட இழுத்து வெச்சிருக்காங்க! முகுந்தன் கொரலு சாப்புட்டு எந்திரிச்சவன் கொரலு மாதிரி கெடக்குது. அவசரமும் இல்ல, மூச்சு வாங்கறதும் இல்ல. எங்க காப்பி நாப்பது நிமிசம். இன்டர்நெட்டுல நாப்பத்திரெண்டு. ரெண்டு நிமிசம் எங்கிருந்து வந்துச்சு? பாட்டுல தண்ணி ஊத்தி இருக்காங்கன்னு அன்னைக்கே நான் ரசிகருங்க குரூப்புல எழுதுனேன். சும்மா இல்லீங்க, பகிரங்கக் கடிதம், பதினாலு பத்தி. வயசானதும் இவங்களால அந்த வேகத்துல வாசிக்க முடியல, அதனால பழச மெதுவாக்கி, எப்பவுமே இப்படித்தான்னு காட்டப் பாக்கறாங்கன்னு எழுதுனேன். எண்பது பேர் சரின்னாங்க. எல்லாம் எங்க காப்பியக் கேட்டவங்க. எண்பது பேருக்கும் ஒட்டுக்கா காது கெட்டுப் போச்சா?

மே மாசம் இங்க ஒரு கல்யாண மண்டபத்துல கச்சேரி வெச்சாங்க. மொத வரிசையில போயி உக்காந்தேன். 'சங்கு' ஆரம்பிச்சான். அதே இழுவை. நான் எந்திரிச்சு "வேகமாப் பாடுங்க!"ன்னு கத்துனேன். ஒருதரம் இல்ல, மூணு தரம். முகுந்தன் பாட்ட நிறுத்திட்டு மைக்குல கேக்கறான், "ஏனுங்ணா, இது எங்க பாட்டுதானுங்ணா?" சனம் பூரா சிரிக்குது. நான் உக்காரல. "உங்க பாட்ட உங்களுக்கே மறந்து போச்சு"ன்னு சொல்லிட்டு வெளிய வந்துட்டேன். கோகிலா பின்னாடியே வந்தா. ஸ்கூட்டர்ல வீடு வர்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசல. அவளுக்கும் அவ்வளவு வருத்தம் பாத்துக்குங்க.

அதுக்கடுத்த மாசம் ஜூன். எங்க ஞாயித்துக்கிழமை. ஏழு பேர் வந்திருந்தாங்க. ஜெரால்டு ஒரு பையத் தூக்கிட்டு வர்றான். பைக்குள்ள ஒரு டெக்கு, அவன் மச்சானோடது. கையில அந்த ஒரிஜினல் கேசட்டு. "நந்து, ஒரு சின்ன சோதனைடா"ன்னான். மச்சான் டெக்குல ஒரிஜினலப் போட்டான். அதே இழுவை. போன்ல இன்டர்நெட்டுல இருக்கறதப் போட்டான். ரெண்டும் சேந்து ஓடுது, வார்த்தைக்கு வார்த்தை. நான் விடலீங்க. அதே ஒரிஜினல என்னோட டெக்குல, ஓடற பக்கத்துல போட்டேன். ஜம்முன்னு ஓடுச்சு, எங்க வேகத்துல! ஒரே கேசட்டுத்தான? என்னோடதுல நல்லா ஓடுது, உன்னோடதுல இழுக்குது, அப்ப உன் டெக்குல பெல்ட்டு லூசுன்னு சொன்னேன். இதுக்கு என்ன பதிலு?

அவன் சிரிச்சானுங்க. எனக்கு அந்தச் சிரிப்பு இன்னும் மறக்கல. "டேய் நந்து, உன் டெக்குதாண்டா வேகமா ஓடுது. இத்தன வருசமா நாம கேட்டது அந்த மோட்டார் கோளாறுடா. ஊரு மோட்டாரெல்லாம் பாக்கற, உன்ற மாடியில ஓடற மோட்டாரு உனக்குத் தெரியலையா?"

ஏழு பேருக்கு முன்னாடி. பஜ்ஜித் தட்டோட கோகிலா நிக்கறா. எல்லாரும் சிரிச்சுட்டாங்க. அவளும் சிரிச்சா.

நான் சொன்னேன், "வெளிய போடா. நீ என்னைக்குடா இந்தப் பாட்டக் கேட்ட? கூட்டத்தோட கூட்டமாப் போயி காசு குடுத்து ஒரு கேசட்டு வாங்குன, அவ்வளவுதான். அத என்னன்னு கேட்டவன் நான்"ன்னு. இன்னும் கொஞ்சம் சொன்னேன். அதெல்லாம் போன்ல ஏற வேண்டாம். அவன் மூஞ்சி அப்படியே சுண்டிப் போச்சு. மச்சான் டெக்க மட்டும் தூக்கிட்டு, செருப்ப மாட்டிட்டு எறங்கிட்டான். ஒரிஜினல் கேசட்டு என்னோட டெக்குக்குள்ளயே நின்னுருச்சு. அத எடுக்கக் கூடத் தோணல அவனுக்கு. ஒம்போது வருசம் ஆச்சுங்க, இன்னைக்கு வரைக்கும் குடுடான்னு கேக்கல. அதுல அவனுக்கு இருந்த அக்கறை அவ்வளவுதான். இவனுக்குப் போயி நான் பாலிடெக்னிக் காலத்துல இருந்து கூட்டாளியா இருந்தேன்.

மத்தவங்களும் அடுத்த வருசம் வரல. போன ஜூன்ல கோகிலா கூட, தல வலிக்குதுங்கன்னு கீழயே படுத்துக்கிட்டா. நான் மட்டும் உக்காந்து முழுசாக் கேட்டேன். எனக்கென்ன? ஆளு கொறஞ்சா எடஞ்சல் கொறஞ்சுது.

ஆக, அம்மிணி, முகுந்தன்கிட்ட போயி இப்படிச் சொல்லுங்க. கேசட்டு தர்றேன். 'கோளாறு'ங்கறத எடுத்துட்டு 'உண்மையான வேகம்'னு போடச் சொல்லுங்க. அப்படிப் போட்டா நாளைக்கே வந்து வாங்கிக்குங்க. இல்லாட்டி பெட்டியும் வேண்டாம் புஸ்தகமும் வேண்டாம்.

என்ன தேடறீங்க பைக்குள்ள? இன்னொரு பேப்பரா? யாரு எழுதுனது? ஜெரால்டா?

அவங்கிட்டயும் போனீங்களா! ஓசூர் வரைக்கும் போனீங்களா? நல்லாத்தான் வேல பாக்கறீங்க. எங்க காப்பியப் போடுங்கன்னு முகுந்தன் கால்ல அவன் விழுந்து கேட்டானாக்கும், தன் டெக்குல பெல்ட்டு லூசுன்னு ஒத்துக்கிட்டு. இல்லையா? எனக்குக் கண்ணாடி பக்கத்துல இல்லீங்க. நீங்களே படிங்க, ரெண்டு வரிதான.

மறுக்கா படிங்க.

"ஒரிஜினல் கேசட்ட நந்து வீட்டுல வெச்சிருக்கேன். எனக்கு மனப்பாடம் ஆனது நந்து போட்டுக் குடுத்த காப்பிதான், இப்பவும் கார்ல அதத்தான் கேக்கறேன்."

வெச்சிருக்கேன்னா எழுதிருக்கான்? விட்டுட்டுப் போனான்ங்க. நான் தொரத்துனேன், அவன் விட்டுட்டுப் போனான். வெச்சிருக்கானாமே. எங்கிட்ட பத்திரமாக் குடுத்து வெச்ச மாதிரி எழுதறான். நடிப்புங்க இது, இன்சூரன்சு விக்கறவன் பேச்சு, இப்படித்தான் இருக்கும். கார்ல எங்க காப்பியக் கேக்கறானாம். கேசட்டு ஓடற காரு இன்னும் வெச்சிருக்கானா அவன்? பழைய காரு. அதான் கேக்கறான். வேற ஒண்ணும் இல்ல.

போன்ல அந்த ரெக்கார்ட ஆஃப் பண்ணுங்க அம்மிணி. பண்ணிட்டீங்களா? காமிங்க. சரி.

அன்னைக்கு எல்லாரும் போனாங்கள்ல. மத்தியானம் மூணு மணி இருக்கும். நான் இங்க வந்து டாக்கோமீட்டர எடுத்துட்டு மாடிக்குப் போனேன். மோட்டாரு எத்தன சுத்து ஓடுதுன்னு காட்டுமே, இந்தா இதுதான். டெக்கோட பின்பக்கத்தக் கழட்டுனேன். ஓடற பக்கத்து மோட்டார் மேலயே எழுதிருக்குதுங்க, ரெண்டாயிரத்தி நானூறுன்னு. புடிச்சுப் பாத்தேன். ரெண்டாயிரத்தி ஐநூத்திப் பத்து. எனக்கு நம்பிக்கை வரல. மறுக்கா புடிச்சேன். மீட்டரு பேட்டரிய மாத்திட்டுப் புடிச்சேன். ரெண்டாயிரத்தி ஐநூத்திப் பத்துதான்.

அந்த மோட்டாருக்குப் பின்னாடி ஒரு ஓட்டை இருக்கும், உள்ள ஒரு சின்ன ஸ்க்ரூ. கால் திருப்பு திருப்புனாப் போதும், சரியாயிரும். திருப்புனேன். நானூறுல வந்து நின்னுச்சு. ஜெரால்டு கேசட்டுல 'சங்கு' பாட்ட வெச்சேன். அவன் சொன்ன மாதிரியே ஓடுச்சுங்க. முகுந்தன் நிதானமாப் பாடறான். எங்கயும் ஓடல அவன். வேலை போன ஒருத்தன் பாயில படுத்துக்கிட்டே சங்குச் சத்தத்தக் கேக்கறான், அந்தத் துக்கம் எனக்கு அன்னைக்குத்தான் புரிஞ்சுது. நல்ல பாட்டுதான், ஒத்துக்கறேன். ஆனா அது எனக்குத் தெரிஞ்ச பாட்டு இல்லீங்க. யாரோ வீட்டுக்குள்ள தப்பாப் போயிட்ட மாதிரி இருந்துச்சு. பயமா இருந்துச்சு.

ஸ்க்ரூவத் திருப்பறதுக்கு முன்னாடி, இருந்த எடத்துல மார்க்கர்ல ஒரு கோடு போட்டு வெச்சிருந்தேன். தொழில் பழக்கம். அந்தக் கோட்டுக்கே திருப்பி வெச்சுட்டேன். பின்பக்கத்த மாட்டி மூடிட்டேன். கீழ வந்து சோறு தின்னேன். அவன் டெக்குல பெல்ட்டு லூசுன்னு கோகிலாகிட்ட சொன்னேன். அன்னையில இருந்து ஒம்போது வருசமா பாக்கறவங்க எல்லார்கிட்டயும் அதத்தான் சொல்லிட்டு இருக்கேன்.

எனக்கு வெக்கமா இருக்குதுங்க. கூட்டாளிய விட ஒரு ஸ்க்ரூ பெருசாப் போச்சு பாருங்க. மூணு தடவை அவன் நம்பர எடுத்திருக்கேன். என்னன்னு சொல்றது? காயில் கட்டறவன் காதுக்கே தெரியலடான்னு சொல்றதா? அது வெளிய தெரிஞ்சா ஒருத்தன் எங்கிட்ட மோட்டார் கொண்டாருவானான்னு கூட நெனச்சேன். சிரிக்காதீங்க. நெசமா நெனச்சேன்.

பேனா வெச்சிருக்கீங்களா? எழுதிக்குங்க ரெண்டு வரி. "இந்தக் காப்பி வேகமா ஓடறதுக்குக் காரணம் ரெண்டாயிரத்தி மூணுல எங்க கணபதி ஏரியாவுல இருந்த ஓல்டேஜ் ஏத்த எறக்கமும், டெக்கு மோட்டாருல..." இல்லீங்க, அது பொய்யி. ஓல்டேஜுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. அடிங்க. முழுசா அடிங்க. இப்படிப் போடுங்க. "வேகம் என்னோட டெக்கோடது. ஆனாலும் கேக்கறதுக்கு..." அதையும் அடிங்க. ஆனாலும்னு ஆரம்பிச்சா நான் நிறுத்த மாட்டேன், எனக்கே தெரியும்.

"ஜெரால்டு சொன்னதுதான் சரி. நந்தகோபால்." இது போதும். மேல அந்தக் கோளாறுங்கறது அப்படியே இருக்கட்டும். ரெண்டு கேசட்டையும் எடுத்துத் தர்றேன், இருங்க. இல்ல, ஒண்ணு மட்டும் தர்றேன். அவனுது இங்கயே இருக்கட்டும், அவன் வெச்ச எடத்துல.

புஸ்தகம் எப்ப வரும்? டிசம்பரா? இன்னும் ஆறு மாசம் இருக்குது. அது வந்து, அவன் வாங்கி, பிரிச்சு, படிச்சு... வேண்டாமுங்க. அவன் நம்பரு உங்ககிட்ட இருக்குமே, உங்க போன்லயே போடுங்க. என்னோடதுல இருந்து வந்தா எடுக்க மாட்டான். ஸ்பீக்கர் வேண்டாம். ரிங்கு போகுதா? கையில குடுங்க.

ஜெரால்டா? நந்து பேசறேன். டேய், வெச்சராத. ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டு வெச்சர்றேன். ரெண்டாயிரத்தி நானூறு ஓட வேண்டியதுடா, ரெண்டாயிரத்தி ஐநூத்திப் பத்து ஓடுச்சு. ஆமா. அதே டெக்குதான். இப்ப இல்லடா. நீ படியெறங்கிப் போனியே, அன்னைக்கே பாத்துட்டேன்.